காகத்துக்குப் பேசியவர்

என் நாத்தனாருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போன பிறகுதான் என் கணவர் பழைய படங்களின் டிஸ்க்குகளை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார். அதற்கு முன் அவருக்குச் சினிமாவில் ஆசை கிடையாது, எதையும் சேர்த்துவைக்கிற புத்தியும் கிடையாது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர். வேலை முடிந்து வந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

நாத்தனாரை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவரைவிடப் பத்து வயது மூத்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியதெல்லாம் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வயதிலிருந்து டப்பிங் பேசிக்கொண்டிருந்தார். பெரிய இடங்களில் இல்லை. ‘பட்டம் வீடியோ’ என்று ஒரு கம்பெனி இருந்தது. எங்கெங்கோ யாரும் சீண்டாமல் கிடந்த கார்ட்டூன்களையும் பழைய படங்களையும் மலிவாக வாங்கி, நம் மொழியில் பேசவைத்து, டிஸ்க்கில் போட்டு விற்பார்கள். பெட்ரோல் பங்கில், மருந்துக் கடையில், பேனா பென்சில் விற்கிற கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும். பெட்டியின் முதுகு மஞ்சளாக இருக்கும். அதில் சின்னதாக ஒரு பட்டமும் ஒரு எண்ணும். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த வாங்கிக் கொடுப்பார்கள். ஜனங்கள் டிஸ்க் வாங்குவதை நிறுத்தியதும் கம்பெனியும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

நான் கல்யாணமாகி வந்தபோதே அக்காவின் குரலில் மணல் கலந்திருந்தது. நாளாக ஆக அது கரகரப்பாகி, கடைசி இரண்டு மூன்று வருடம் கிசுகிசுப்பாகத்தான் பேசினார். செல்போனில் அவர் பேசிய துண்டுகள் சில இருக்கின்றன. எல்லாம் அந்தக் கடைசிக் காலத்துக் குரல். எங்கள் கல்யாண வீடியோவில் அக்கா வாய் ஓயாமல் பேசுகிறார். ஆனால் வீடியோ எடுத்தவர் அதன் மேல் முழுக்கப் பாட்டு போட்டுவிட்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, தன்னை வளர்த்த குரல் வீட்டில் எங்குமே இல்லை என்பது என் கணவருக்கு ஒருநாள் திடீரென்று உறைத்திருக்கிறது. என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை. ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து மஞ்சள் முதுகுள்ள ஒரு பெட்டியோடு வந்தார்.

அது ஒரு நரிக்குட்டியின் கதை. பழைய பிளேயரை எங்கேயோ பிடித்துக் கொண்டுவந்து, கடையின் பின்னறையில் வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது.

“கிடைச்சிருச்சு,” என்றார்.

“என்ன கிடைச்சுது?”

“அக்கா. அந்த நரிக்குட்டிக்கு அக்காதான் பேசியிருக்கு. சின்ன வயசுல என்னை எழுப்புமே, அதே குரல்.”

பெட்டியில் பேசியவர்கள் பெயர் எதுவும் இல்லை. பட்டம் வீடியோ யார் பெயரையும் போடுவதில்லை. ஆனாலும் தன் அக்காவின் குரல் தனக்குத் தெரியாதா என்பது அவர் கட்சி. நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் நடைபாதைக் கடைகளைச் சுற்றப் போய்விடுவார். கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம்கூட, “உங்க வீட்டுப் பரண்ல மஞ்சள் டிஸ்க் ஏதாச்சும் கிடக்குதா?” என்று கேட்பார். பட்டம் வீடியோ டிஸ்க்குகளைச் சேர்க்கிறவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். செல்போனில் ஒரு குழு வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொண்டார்கள். அந்தக் கம்பெனியின் திருகுதாளங்களைச் சொல்லி மாளாது. ஒரே படத்தை இரண்டாக வெட்டி இரண்டு பெயரில் விற்றிருப்பார்கள். அட்டையில் பெரிய நாய் இருக்கும், படத்தில் மருந்துக்குக்கூட நாய் இருக்காது. முயல் கதை என்று திறந்தால் உள்ளே கராத்தே சண்டை இருக்கும். அதற்கெல்லாம் அந்தக் குழுவில் சிரித்துக்கொள்வார்கள். என் கணவர் சிரிக்க மாட்டார். நரிக்குட்டியின் குரல் எந்தெந்த டிஸ்க்கில் வருகிறது என்று மட்டும் பார்ப்பார். பாதிக்கு மேல் டிஸ்க்குகளில் அது வந்தது.

சமையலறை அலமாரி, துணி பீரோவின் மேல்தட்டு, கட்டிலுக்கு அடியில் என்று மஞ்சள் பரவியது.

“வீட்டுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கு,” என்றேன் ஒருநாள்.

அக்கா சிரித்தார். அக்கா சிரித்தால் இப்போது சத்தம் வராது. அறுவை சிகிச்சையில் கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வரும், அதை மூடியிருக்கும் துணி படபடக்கும். அந்தத் துணிகளைத் தைத்துக் கொடுத்தது நான். ஜன்னல் திரை தைக்கிற கடையில் எனக்கு வேலை. மிஞ்சுகிற துண்டுகளை எடுத்துவந்து, ஓரம் மடித்து, நாடா வைத்துக் கொடுப்பேன். தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அக்கா ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, “டப்பா பேசற மாதிரி இருக்கு” என்று செல்போனில் எழுதிக் காட்டிவிட்டு, பெட்டியில் போட்டு மூடிவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் எழுத்துதான். எங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒருமுறை கை தட்டுவார்.

தம்பி எதைத் தேடி அலைகிறான் என்று அக்காவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். அவருக்கு அதில் இஷ்டமா இல்லையா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு ஆன பிறகு, என் கணவர் பிளேயரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து டிவியில் இணைத்தார். அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பரபரப்பில் ஒயரை இரண்டு முறை மாற்றிச் செருகினார்.

படம் ஓடியது. நரிக்குட்டி புதரிலிருந்து எட்டிப் பார்த்து, “நான் ஒண்ணும் தொலைஞ்சு போகலையே, இங்கதானே இருக்கேன்,” என்று சொன்னது. தெளிவான, துள்ளுகிற குரல். நானே அப்போதுதான் முதல்முறை கேட்டேன். இவ்வளவு நல்ல குரலா என்று நினைத்துக்கொண்டேன். அக்கா முன்னால் சாய்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் சிரிப்பு. என் கணவர் டிவியைப் பார்க்கவே இல்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காகம் வந்தது. கிழட்டுக் காகம். கிளையில் உட்கார்ந்துகொண்டு நரிக்குட்டியைத் திட்டித் தீர்க்கும். காதைக் குடைகிற குரல். என் கணவரின் கை தன்னால் ரிமோட்டுக்குப் போனது. அந்த இடம் வந்தால் ஓட்டிவிடுவது அவருக்குப் பழக்கம்.

அக்கா அவர் கையைப் பிடித்தார்.

காகம் பேசி முடிக்கும்வரை விடவில்லை. முடிந்ததும் கையை விட்டுவிட்டு, செல்போனை எடுத்து எழுதி, தம்பியிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். நான் வாசித்தேன். “குட்டி நான் இல்லை. அது என்கூடப் பேசின பட்டாணி. நல்லா பேசியிருக்கா. நான் காக்கா.”

“இல்லக்கா,” என்றார் என் கணவர். “நீதான் அது.”

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார்.

“எத்தனை வருஷம் ஆச்சு, உனக்கு மறந்துபோயிருக்கும். எனக்குத் தெரியாதாக்கா உன் குரல்? தினம் கேட்டு வளர்ந்தவன் நான்.”

தன் குரல் எதுவென்று அக்காவிடமே வாதாடிக்கொண்டிருந்தார். அக்கா முதலில் சிரித்தார், துணி படபடத்தது. பிறகு சிரிப்பு நின்றது. செல்போனை வாங்கி இன்னும் ஒரு வரி எழுதினார். “சின்னப் பொண்ணு, குட்டி, ஹீரோயின் எல்லாம் பட்டாணிதான். எனக்குக் கிழவி, காக்கா, கூட்டத்துல கத்தறது.” எழுதிவிட்டு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிவியில் நரிக்குட்டி பாடிக்கொண்டிருந்தது. நான்தான் போய் அணைத்தேன். என் கணவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. “நான் எவ்வளவு யோசிச்சாலும் அந்த நரிக்குட்டிதான் காதுல வருது,” என்றார். “அக்கா என்னை எப்படிக் கூப்பிடும்னு நினைச்சுப் பார்த்தா, அதுவும் நரிக்குட்டி கூப்பிடற மாதிரியே கேக்குது. முன்னாடி கொஞ்சமாச்சும் ஞாபகம் இருந்துது. நானே அதை அழிச்சிட்டேன்.”

 துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அக்கா கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. காய் நறுக்கினார், மொட்டை மாடியில் துணி காயப்போட்டார், எல்லாம் செய்தார். ஆனால் தம்பி கூடத்துக்கு வந்தால் ஏதாவது வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவார். என் கணவர் மஞ்சள் பெட்டிகளை எல்லாம் கோணிப்பையில் போட்டுக் கட்டினார். பழைய சாமான் கடைக்காரர் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்த நாளில், அக்கா வாசலில் போய் நின்று அவரைக் கைச்சாடையாலேயே திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு கோணிப்பையைப் பிரித்து, கைக்கு வந்த ஒரு பெட்டியை எடுத்துத் தம்பியின் மடியில் போட்டார். ஒருமுறை கை தட்டினார். போடு என்று அர்த்தம்.

அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் பட்டம் வீடியோ பார்த்தோம். அக்கா தான் பேசுகிற இடம் வந்தால் ஒரு விரலைத் தூக்குவார். நாங்கள் காதைத் தீட்டிக்கொள்வோம். மருமகளை விரட்டுகிற மாமியாருக்கு விரல் எழும். சாபம் கொடுக்கிற சூனியக்காரிக்கு எழும். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற பெண்ணுக்கு எழும். ஒரு படத்தில் மாட்டுக்கு எழுந்தது.

“மாடுமா?” என்றேன்.

“மாட்டுக்குத் தனிச் சம்பளம் இல்ல,” என்று எழுதிக் காட்டினார்.

பட்டாணியைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அக்காவோடு கூடவே வேலைக்குச் சேர்ந்தவராம். ஒரு படம் முடிந்து அடுத்த படம் ஆரம்பிப்பதற்குள் மடியிலிருந்து பட்டாணி எடுத்துக் கொறிப்பாராம், அதனால் அந்தப் பெயர். இரண்டு பேரும் ஒரே மைக்குக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்களாம். கம்பெனி மூடிய பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அப்படியே விட்டுப்போய்விட்டது.

என் கணவர் அக்காவின் குரலைத் தேடினார். அதுதான் அகப்படவில்லை. காகம் இருந்தது, கிழவி இருந்தாள், சூனியக்காரி இருந்தாள். எதுவும் அக்கா இல்லை, எல்லாம் வேஷம். ஒருநாள் அவர் அதை வாய்விட்டே கேட்டார். “நீ நீயா பேசின படம் ஒண்ணுகூட இல்லையாக்கா?”

அக்கா யோசித்தார். பிறகு எழுதினார். “ஒண்ணு இருக்கு. தபால் படகு. ஆத்துல படகு ஓட்டிக் கடிதம் கொடுக்கிற பொண்ணு. பட்டாணிக்கு அன்னைக்குக் காய்ச்சல். என்னையே பேசச் சொன்னாங்க. நடிக்கத் தோணல, சும்மா பேசிட்டு வந்தேன்.”

அந்த டிஸ்க் எங்களிடம் இல்லை. குழுவில் கேட்டார். பெட்டி மட்டும் ஒருவரிடம் இருந்தது, உள்ளே வழக்கம்போல வேறு படம். இன்னொருவர், அதைத் தன் வாழ்நாளில் கண்ணால் பார்த்ததில்லை என்றார். விசாரித்து விசாரித்து, கம்பெனியில் ஒலிப்பதிவு செய்தவர் ஊருக்கு வெளியே காய்கறி பயிரிட்டுக்கொண்டு இருப்பதாகத் தெரிந்தது. ஒரு விடுமுறை நாளில் நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

தோட்டத்துக்குள் நுழையும்போதே கண்ணைப் பறித்தது. கயிறு கயிறாகக் கட்டி, பறவைகள் வராமலிருக்க டிஸ்க்குகளைத் தொங்கவிட்டிருந்தார். காற்றில் சுழன்று மின்னிக்கொண்டிருந்தன.

“எல்லாம் நம்ம கம்பெனி சரக்குதான்,” என்றார் ஒலிப்பதிவுக்காரர். “குடோனைக் காலி பண்ணும்போது யாருக்கும் வேண்டாம்னுட்டாங்க. நான் ஒரு மூட்டை அள்ளிட்டு வந்தேன்.”

“மூலப் பதிவு ஏதாச்சும் இருக்குமா சார்? டேப்பு மாதிரி?”

“அது எங்க தம்பி. ஒரே டேப்புல மேல மேல பதிவு பண்ணுவோம். ஒரு படம் போனாத்தான் அடுத்த படம். முதலாளி அவ்வளவு கெட்டி.”

என் கணவர் எதற்கு வந்தோம் என்று சொன்னார். அக்காவைப் பற்றிக் கேட்டதும் அந்த மனிதர் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “அந்தம்மாவுக்கா இப்படி ஆச்சு? கூட்டத்துல பத்து பேர் கத்தணும்னா அவங்க ஒருத்தரே பத்து பேரா கத்துவாங்க. பத்து பேரைக் கூப்பிடற செலவு முதலாளிக்கு மிச்சம்.”

மூன்று பேருமாகக் கயிறு கயிறாகப் பார்த்துக்கொண்டு போனோம். எழுத்தெல்லாம் வெளுத்திருந்தது, சாய்த்துப் பிடித்தால்தான் தடம் தெரிந்தது. என் கணவர் லென்ஸைப் பார்க்கிறமாதிரி ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குக் காட்டிக் காட்டிப் பார்த்தார். தக்காளிப் பாத்தியின் கடைசிக் கயிற்றில் அது இருந்தது. ‘தபால்’ என்பது மட்டும் தெரிந்தது. வெள்ளிப் பூச்சு ஓரமெல்லாம் உதிர்ந்து, அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி, பேருந்தில் வரும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கிளம்பும்போது ஒலிப்பதிவுக்காரர் பட்டாணி இருக்கும் இடத்தையும் சொன்னார். பக்கத்து ஊரில் இஸ்திரி கடை வைத்திருக்கிறாராம்.

பிளேயர் அந்த டிஸ்க்கை இரண்டு முறை துப்பியது. மூன்றாம் முறை முனகிக்கொண்டே சுற்றி எடுத்துக்கொண்டது. ஆறு தெரிந்தது. பின்னணி இசை விட்டு விட்டுக் கேட்டது. தூரத்திலிருந்து ஒரு படகு வந்தது, அதில் ஒரு பெண். படகு கரையை ஒட்டியது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தாள். படம் கட்டம் கட்டமாகச் சிதறி அப்படியே நின்றுவிட்டது.

என் கணவர் டிஸ்க்கைத் துடைத்தார், மறுபடி போட்டார். பல் விளக்கும் பசையைத் தடவித் துடைத்தார், மறுபடி போட்டார். அதற்கப்புறம் படகுகூட வரவில்லை. அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்து டிஸ்க்கை வாங்கி வைத்தார். தம்பியின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். 

அடுத்த வருடத் தொடக்கத்தில் அக்காவுக்கு இளைக்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, நோய் நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்றார். இனி செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கூடத்தில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டோம். நான் கடையில் சொல்லிவிட்டுத் தையலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அக்காவால் செல்போனைப் பிடிக்க முடியவில்லை. விரல் நடுங்கி ஒரு எழுத்தைத் தொட்டால் இன்னொன்று விழுந்தது. உதட்டை அசைத்துச் சொல்ல ஆரம்பித்தார். எங்களுக்குப் புரியவில்லை. “தண்ணியா? போர்வையா? வலிக்குதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டி ஆட்டிக் கடைசியில் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார். வாழ்நாளெல்லாம் பேசிப் பிழைத்த மனுஷி, ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

“அந்தப் பட்டாணியக்காவைக் கூட்டிட்டு வரேன்,” என்றார் என் கணவர் ஒரு காலையில். “மத்தவங்க உதட்டைப் பார்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டினவங்க. அவங்களுக்குப் புரியும்.”

பட்டாணி என்றதும் நான் மனதில் ஒரு சின்ன உருவத்தை நினைத்து வைத்திருந்தேன். வந்தவர் நல்ல கனமான உடம்பு, முட்டிவலிக்காரர். சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் கை இரண்டும் காய்த்திருந்தன. வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அவளுக்குக் குரல் போன விஷயம் அப்பவே எனக்குத் தெரியும்மா,” என்றார் என்னிடம். “வரணும்னு நினைப்பேன். வந்தா நான் பேசுவேன், அவ கேட்டுக்கிட்டு இருக்கணும். அது எப்படி இருக்கும் அவளுக்கு? அதை நினைச்சே வராம இருந்துட்டேன்.”

குரல் தடித்திருந்தது. நரிக்குட்டி அதற்குள் எங்கேயும் இல்லை.

அக்கா அவரைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். பட்டாணி கட்டிலில் உட்கார்ந்து அந்த உதட்டையே பார்த்தார். “குண்டாயிட்டேனாம்,” என்று எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. “ஜன்னலைச் சாத்தச் சொல்றா.” “தலைகாணி உசரமா இருக்காம்.” “சூப்புல உப்பு இல்லையாம், உப்பைக் குறைக்கச் சொன்ன ஆஸ்பத்திரிக்காரன் இங்க வந்தா பார்க்கப் போறான்னு கேக்கறா.” அக்கா சொல்லச் சொல்ல அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் ஓடி ஓடிச் செய்தோம். ஒருமுறை என்னைக் காட்டி அக்கா நீளமாக ஏதோ சொன்னார். பட்டாணி தயங்கினார்.

“சொல்லுங்கக்கா,” என்றேன்.

“அந்தப் பச்சைத் துணி வேண்டாமாம். ஆரம்பத்துலேருந்தே குத்துதாம். நீ ஆசையா தைச்சுக் கொடுத்தேன்னு சொல்லாம இருந்தாளாம்.”

நான் அப்போதே அதை அவிழ்த்துவிட்டு, என் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கட்டினேன்.

பட்டாணி ஊருக்குப் போகவில்லை. இஸ்திரி கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு தங்கினார். இரண்டு மூன்று நாள் போன பிறகு, ‘சொல்றா’, ‘கேக்கறா’ என்பதெல்லாம் அவர் பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது. அக்கா உதட்டை அசைத்த உடனே, “எனக்கு உக்காரணும்” என்றே சொல்ல ஆரம்பித்தார். பழைய தொழில் பழக்கம் போலிருக்கிறது. உதடு தொடங்கும்போது தொடங்கி, உதடு முடியும்போது முடித்தார்.

ஒரு சாயங்காலம் என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா பட்டாணியைப் பார்த்து ஏதோ சொன்னார். பட்டாணி, “நிஜமாவா? வேணுமா?” என்று கேட்டார். அக்கா தலையசைத்தார். பட்டாணி ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அக்காவின் உதடு அசைந்தது.

“டேய் முட்டைக்கண்ணா,” என்றது ஒரு குரல். பட்டாணியின் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அது அவர் குரல் இல்லை. கொஞ்சம் இழுத்து, கடைசியில் மேலே தூக்கி, பாதி அதட்டலும் பாதிச் சிரிப்புமாக இருந்தது. நான் கேட்டே இராத குரல். அது சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கணவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஐந்து வயதுப் பையனைத் தூக்கத்தில் பெயர் சொல்லி எழுப்பினால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார்.

“அக்கா,” என்றார்.

“என்னடா.”

“நான் உன் குரலை மறந்தேபோயிட்டேன்கா.”

அக்காவின் உதடு மெதுவாக அசைந்தது. குரலும் மெதுவாக வந்தது. “மறந்தா மறந்துட்டுப் போ. நானே மறந்துட்டேன். இவ பேசறதைக் கேட்டதும்தான், ஓ, இப்படித்தானே இருந்துதுன்னு தோணுது.”

அவர் கட்டிலின் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். சத்தமாகவே அழுதார். “போதும்டா, மூக்கு ஒழுகுது பாரு,” என்றது குரல். பட்டாணியின் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வாசகத்தில் துளி நடுக்கம் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அக்கா இருந்தார். மூச்சு இருக்கும்போதெல்லாம் பேசினார். பெரிய விஷயம் எதுவுமில்லை. தம்பி சின்ன வயதில் பென்சிலைத் தின்றது, மழையில் ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தது, கண்ணாடி போட்ட முதல் நாள் தெருவிளக்கை எல்லாம் எண்ணிக்கொண்டு வந்தது. கடைசி நாள் மத்தியானம், எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வையை உதறிக் காயப்போடுவதைப் பார்த்து, “அதோ பாரு, அவ...” என்று ஆரம்பித்தார். உதடு நின்றது. பட்டாணி வாயைச் சற்றே திறந்தபடி, அக்காவின் உதட்டைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். நான் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் வாயை மூடினார்.

காரியமெல்லாம் முடிந்து மேலும் சில நாள் பட்டாணி எங்களோடு இருந்தார். வீட்டிலிருந்த அத்தனை துணிக்கும் இஸ்திரி போட்டார், அக்காவின் துணிகளுக்கும். அவர் கிளம்பிய அன்று நாங்கள் இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம்வரை போனோம். பையை என் கணவர் தூக்கிக்கொண்டார். வெயில் ஏறியிருந்தது. நிழற்குடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

பட்டாணி தொண்டையைச் செருமிக்கொண்டார். “தம்பி, நான் போறதுக்கு முன்னாடி, வேணும்னா ஒரே ஒரு தடவை அவ மாதிரி சொல்லட்டுமா? நீ கேக்கத் தயங்குவேன்னுதான் நானே கேக்கறேன்.”

என் கணவர் பையைக் கீழே வைத்தார். ரோட்டில் ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் வேண்டும் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது.

“வேண்டாம்க்கா,” என்றார். “அக்கா உதடு இல்லாம அது வேண்டாம்.”

“சரி,” என்றார் பட்டாணி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எனக்கும் அதுதான் தோணிச்சு,” என்றார்.

பேருந்து வந்தது. பையை ஏற்றிக் கொடுத்தார் என் கணவர். பட்டாணி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, முட்டிக்குத் தைலம் தடவ மறந்துவிட்டேன், பை அடியில் இருக்கிறது என்று என்னென்னவோ தன் தடித்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். பேருந்து திரும்பியதும் என் கணவர் கடைச் சாவியை எடுத்தார். யாரோ ஒருவர் உடைந்த கண்ணாடியைக் கொடுத்துவிட்டு ஒரு வாரமாகக் கண் தெரியாமல் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கமாக நடந்தார். நான் வீட்டுக்கு வந்து கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையைத் துடைத்தேன்.